முதலிலிருந்து

பதினோராம் எண்காரர்கள் உள்ளே போய்க் கால் மணி நேரம் ஆகிறது, என் கையில் இருப்பது பதினான்கு. அபேட் என்றால் தணிவது, அபெய்யன்ஸ் என்றால் ஒரு காரியத்தை முடிக்காமலே நிறுத்தி வைப்பது, அபார் என்றால் அருவருத்து ஒதுக்குவது. எல்கேஜி சேர்க்கைக்கு வந்த தாயிடம் இந்த மூன்றில் எதையாவது யாராவது கேட்கப்போகிறார்களா என்று காலையிலிருந்து எனக்கு நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன், பதில் தெரிந்தேதான் கேட்கிறேன். உட்கார்ந்திருக்கும் பெஞ்சு குழந்தைகளுக்காகச் செய்தது, முழங்கால் நெஞ்சுக்கு வருகிறது, பட்டுப்புடவை கட்டியிருக்க வேண்டாம், பட்டு கட்டினால் கல்யாணத்துக்கு வந்தவள் மாதிரி இருக்கிறது, எதிரே உட்கார்ந்திருக்கும் நீலச் சுடிதார்க்காரி எவ்வளவு சாதாரணமாக வந்திருக்கிறாள், வீட்டில் இருந்தபடியே செருப்பை மாட்டிக்கொண்டு வந்த மாதிரி. பக்கத்தில் இவர், என் வீட்டுக்காரர் சங்கரலிங்கம், அதே பெஞ்சில் எப்படித்தான் முடிகிறதோ, காலை நீட்டிச் சாய்ந்துகொண்டு மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இவருக்குத் தொழில் மோட்டாருக்குக் காயில் கட்டுவது. ஃபேனில் கண்டென்சர் போய்விட்டது என்று என்னிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. நம் பிள்ளையின் தலையெழுத்தை எழுதப்போகிற இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு கண்டென்சரைப் பற்றிப் பேச ஒருவரால் முடிகிறது. இவருக்கு இங்கிலீஷ் வராது, வராததைப் பற்றி வெட்கமும் வராது. எனக்கு இரண்டில் ஒன்றுதான் குறைச்சலில்லாமல் வருகிறது. கையில் இன்றைய காலண்டர் தாள் மடித்தபடி இருக்கிறது, ஒரு பக்கம் புதன்கிழமை, ராகு காலம் பன்னிரண்டு முதல் ஒன்றரை, மறுபக்கம் என் கையெழுத்தில் ஐந்து வார்த்தைகள். வியர்வையில் மை பரவியிருக்கிறது. படிக்கத் தேவையில்லை, இந்த ஐந்தும் எனக்கு எத்தனையோ வருஷமாகத் தெரியும்.

தினம் காலையில் காலண்டர் தாளைக் கிழித்ததும் அதன் முதுகில் ஐந்து வார்த்தை எழுதுவேன், அர்த்தத்தோடு. கோர்ட்டுக்கு எதிரே உள்ள டைப்பிங் கடையில் வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஆரம்பித்த பழக்கம். வக்கீல்கள் கிறுக்கித் தரும் மனுக்களை நான் அடிக்கிற வேகத்துக்குப் பாளையங்கோட்டையில் ஆள் கிடையாது, அதை நானே சொல்லிக்கொள்ளலாம். ஒரு எழுத்துப் பிசகாது. ஆனால் அடித்து முடித்த தாளில் இருப்பது வாடகைச் சண்டையா விவாகரத்தா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. விரலுக்குத் தெரிந்தது நாக்குக்குத் தெரியவில்லை. அந்த அவமானத்தில்தான் அகராதி வாங்கினேன். ஏ-யில் ஆரம்பித்தேன். ஏ முடிந்து பி நடக்கும்போது அப்பா செத்துப்போனார். மூன்று மாதம் புத்தகத்தைத் தொடவில்லை, மறுபடி எடுத்தபோது விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கலாம், எந்தப் புத்தியுள்ளவளும் அதைத்தான் செய்வாள், நான் ஏ-யிலிருந்து ஆரம்பித்தேன். அடுத்து சி-யில் இருக்கும்போது கல்யாணம். மறுபடி ஏ. அதற்கப்புறம் நித்திலா வயிற்றில் இருந்தபோது டி வரைக்கும் போனேன், டியர்த் என்றால் பஞ்சம், பற்றாக்குறை, அதுதான் நான் தொட்ட கடைசி வார்த்தை, அன்று ராத்திரியே வலி கண்டது. டியர்த்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று இன்றுவரை நான் பார்த்ததில்லை. இந்தத் தடவை இந்தப் பள்ளிக்கூடத்துக்காக ஆரம்பித்தேன், அதுவும் ஏ-யிலிருந்து. பதினோரு வருஷம் இங்கிலீஷ் படித்தவள் என்று சொன்னால் யாரும் நம்ப வேண்டியதில்லை, நான் ஏ-யைத்தான் பதினோரு வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அது ஏன் என்று எனக்குத் தெரியும். ஆறாம் வகுப்பில் மரகதம் டீச்சர் மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கச் சொல்வார்கள். எட்டு வரி. ஐந்தாம் வரியில் சிக்கினால் ஐந்தாம் வரியை எடுத்துக் கொடுக்க மாட்டார்கள், பிரம்பால் மேஜையில் ஒரு தட்டு, மொதல்ல இருந்து. மறுபடி சிக்கினால் மறுபடி தட்டு. முதல் நான்கு வரி எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் சாகும்வரை மறக்காது, ஐந்தாம் வரி ஒருத்திக்கும் தெரியாது. எல்லாம் அங்கேயே முடிந்துவிட்டது, அதற்கப்புறம் நடந்தது எல்லாம் மேஜையில் அந்தத் தட்டுதான்.

உள்ளே குரல் கேட்கிறது. கதவு முழுக்கச் சாத்தவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறேன், என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள அல்ல, எந்த பாஷையில் பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள. இதை எனக்குச் சொல்லித் தந்தது மாடியில் குடியிருக்கும் ஜெஸிந்தா அக்கா. அவள் தங்கை மகனுக்கு இங்கேதான் கேட்டார்கள், கிடைக்கவில்லை. உள்ளே கேள்வி கேட்கிற பிரின்சிபல் அம்மா தங்கமான மனுஷி, செம்பகம், என்றாள் அக்கா, யாரையும் மூஞ்சியில் அடித்த மாதிரி அனுப்ப மாட்டார்கள். இங்கிலீஷிலேயே கேட்டு இங்கிலீஷிலேயே முடித்தார்கள் என்றால் சீட்டு நிச்சயம். நடுவில் தமிழுக்கு மாறிவிட்டார்கள் என்றால் வேறு பள்ளிக்கூடத்தில் ஃபாரம் வாங்க வேண்டியதுதான். என் தங்கைக்குக் காப்பி குடுத்துப் பேசினாங்கடி, என்றாள், அரை மணி நேரம் தமிழ்ல, ஊரு எது, மாமியார் எப்படி எல்லாம் கேட்டுட்டு. அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குத் தமிழைக் கேட்டால் பயமாக இருக்கிறது. நான் பிறந்து, அழுது, சண்டை போட்டு, கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்ற பாஷை, அது அந்தக் கதவுக்குப் பின்னால் ஒருவர் வாயிலிருந்து வந்துவிடக் கூடாதே என்று இங்கே உட்கார்ந்து வேண்டிக்கொண்டிருக்கிறேன். காலையில் சிவன் கோயிலிலும் அதைத்தான் வேண்டினேன், அதையும் தமிழில்தான் வேண்டினேன், வேறு எதில் வேண்டுவது.

வேறு பள்ளிக்கூடமே இல்லையா என்று இவர் கேட்கிறார். இருக்கிறது. எங்கள் தெருமுனையிலேயே இருக்கிறது, நல்ல டீச்சர்கள், நானும் அந்த மாதிரி ஒன்றில் படித்தவள்தான், படித்து பிஎஸ்சி வரைக்கும் வந்தவள்தான். வந்து என்ன ஆனது. கெமிஸ்ட்ரியில் எங்கள் காலேஜில் இரண்டாவது இடம், தமிழ் மீடியம். மருந்துக் கம்பெனி ஒன்றில் சோதனைக்கூட வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள், மதுரைக்குப் போனேன், அப்பா வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். உள்ளே மூன்று பேர். ஒருவர் கேட்டது எனக்குப் புரிந்தது, அதுதான் கொடுமை, கேள்வி புரிந்தது, பதிலும் தெரிந்தது, அமிலத்தை நீரில் ஊற்றுவதா நீரை அமிலத்தில் ஊற்றுவதா என்கிற கேள்வி, எட்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். என் வாயில் பதில் தமிழில் நின்றது. அதை வெளியே விடலாமா கூடாதா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டீ சாப்பிட்டுட்டுப் போம்மா என்றார் நடுவில் இருந்தவர். எவ்வளவு அன்பாகச் சொன்னார். அப்பாவிடம் டீ கொடுத்தார்கள் என்று சொன்னேன், அப்பாவுக்கு ஒரே சந்தோஷம், மரியாதை தெரிந்தவர்கள் என்று பஸ் ஏறும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். அந்த டீயின் சூடு இன்னும் என் நாக்கில் இருக்கிறது. என் மகள் ஒரு நாளும் அந்த நாற்காலியில் அப்படி உட்காரக் கூடாது, எனக்கு வேறு எதுவும் வேண்டாம். பாத்ரூம் எங்கே என்று கேட்கலாம், கதவருகே நின்று எண் கூப்பிடுகிற ஆயாவிடம் கேட்கலாம், ஆயாவிடம் இங்கிலீஷில் கேட்க வேண்டுமா தமிழில் கேட்கலாமா. அபேட் என்றால் தணிவது.

கதவு திறந்தது. பதினோராம் எண் வெளியே வந்தார்கள், கருத்த ஒல்லியான ஒருவர், பின்னால் மல்லிகைப்பூ நிறைய வைத்த ஒரு பெண். இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு. அந்த ஆள் போகிற போக்கில் இவரைப் பார்த்து, பயப்படாமல் போங்க அண்ணாச்சி, நம்ம வீட்டு ஆள் மாதிரி பேசுதாவ, என்றார். இவர் உடனே என் பக்கம் திரும்பி, கேட்டியா என்று கண்ணால் கேட்டார். நான் அந்தப் பெண்ணின் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குத் தெரியாது. அவள் இப்போது தெருவில் இறங்கி ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய் மாமியாரிடம் கெடச்சிரும்ன்னு சொல்லுவாள், அடுத்த வாரம் நோட்டீஸ் போர்டில் ஒட்டும் பெயர்களில் தன் பிள்ளை பெயரை மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே தேடுவாள். கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். சொல்லவில்லை. ஒரு சீட்டு குறைந்தால் ஒரு சீட்டு மிச்சம் என்று என் மனசு கணக்குப் போட்டது, அதற்காக என்னை நானே அபார் செய்தேன், அந்த வார்த்தையை இப்படிச் சொல்லலாமா என்றும் எனக்குத் தெரியாது. பன்னிரண்டாம் எண் போய் வந்தது. பதின்மூன்று, அந்த நீலச் சுடிதார்க்காரி, எழுந்து நடக்கும்போதே உள்ளே இருப்பவரைப் பார்த்துச் சிரித்தபடி இங்கிலீஷில் ஏதோ சொன்னாள், உள்ளேயிருந்தும் இங்கிலீஷ் வந்தது, இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் பேசியதில் ஒரு பெரிய வார்த்தை இல்லை. காது கொடுத்துக் கேட்டுவிட்டேன், ஒன்றுகூட இல்லை. எல்லாம் கெட், புட், கோ, கம். நான் பதினோரு வருஷமாகத் தேடித்தேடிச் சேர்த்ததில் ஒன்றைக்கூடத் தொடாமல் அவள் பேசிக்கொண்டே போகிறாள். நகைக்கடையில் நிற்கிறேன், குடிக்கத் தண்ணீர் இல்லை.

நித்திலாவை எதிர் அறைக்கு ஒரு மிஸ் அழைத்துப் போயிருக்கிறாள். அந்தக் கதவில் குழந்தைகளின் உள்ளங்கையைச் சாயத்தில் தோய்த்துப் பதித்திருக்கிறார்கள், சிவப்பு, மஞ்சள், பச்சை. அழாமல் போனாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உங்கள் மகளைப் பற்றிச் சொல்லுங்கள் என்பதுதான் இங்கே எல்லோரிடமும் முதலில் கேட்பது என்று ஜெஸிந்தா அக்கா சொல்லியிருக்கிறாள், அதற்கு ஒரு பதில் தயார் செய்திருக்கிறேன். குட் மார்னிங் மேடம், மை நேம் இஸ் செண்பகவல்லி, மை டாட்டர் நித்திலா இஸ் ஆன் அமியபிள் அண்ட் அஸ்ட்யூட் சைல்ட். இரண்டுமே ஏ. என்னிடம் இருப்பதே அதுதானே. அமியபிள் என்றால் பழக இனிமையான, அஸ்ட்யூட் என்றால் கூர்மையான புத்தியுள்ள. யாரோ வேறு ஒரு பிள்ளை. என் பிள்ளை தூங்கும்போது என் காதுமடலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள், நான் நகர்ந்தால் தூக்கத்திலேயே கை தேடும். இட்லியைப் பிய்த்துக் கொடுத்தால் சாப்பிட மாட்டாள், முழுசாக வேண்டும், முழுசாகக் கொடுத்தால் தானே பிய்ப்பாள். அவள் அப்பாவின் கடையில் அறுந்த செம்புக் கம்பியைச் சேர்த்து வளையல் பண்ணிப் பொம்மைக்குப் போடுவாள். மழைக்குப் பயம், மழைச் சத்தம் கேட்டால் மழைக்கே அடங்கு என்று உத்தரவு போடுவாள். இதில் எதற்கு என்னிடம் வார்த்தை இருக்கிறது. காதுமடலுக்கு இங்கிலீஷில் என்ன. பிய்ப்பது, அது எந்த எழுத்தோ, நான் பார்க்காத எழுத்தில் எங்கோ இருக்கும். பாத்ரூமில் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் அவளை உட்கார்த்தி, தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே ரைம்ஸ் சொல்லிக் கொடுப்பேன், அவளும் ராகம் போட்டுச் சொல்லுவாள், ஈரக் கையால் தொடையில் தட்டித் தட்டி. என்னிடம் இருந்ததைத்தானே நான் கொடுக்க முடியும். பதினாலு என்று ஆயா கூப்பிட்டாள். என் கால்கள் மரத்துப்போயிருந்தன, இவர் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். வா, ஒண்ணும் இல்ல, என்றார். ராகு காலம் தொடங்கப் பத்து நிமிஷம் இருந்தது.

அந்த அம்மா நான் நினைத்ததைவிட வயதானவர்கள், நரைத்த தலை, பருத்திப் புடவை, கையில் மூடி திறந்த பேனா. சிரித்து, உட்காரச் சொல்லி, இங்கிலீஷில் கேட்டார்கள். கேள்வி புரிந்தது. நித்திலாவைப் பற்றித்தான். எல்லாம் சொன்ன மாதிரியே நடக்கிறது, அப்படியென்றால் இதுவும் நடக்கும், நடந்துவிடும், குட் மார்னிங் மேடம், மை நேம் இஸ் செண்பகவல்லி, மை டாட்டர் நித்திலா இஸ் ஆன். அங்கே நின்றது. அமியபிளா அஸ்ட்யூடா, எது முதலில், இரண்டும் ஒரே சமயத்தில் வந்து வாசலில் இடித்துக்கொண்டன. ஒரு வார்த்தை போதும், குட் கேர்ள் என்று சொன்னால் போதும், அது எனக்குத் தெரியாதா. அந்த அம்மா காத்திருந்தார்கள். என் காதில் மேஜையில் ஒரு தட்டு கேட்டது. குட் மார்னிங் மேடம், என்று மறுபடி ஆரம்பித்தேன். மை நேம் இஸ் செண்பகவல்லி. அந்த அம்மாவின் புருவம் லேசாக உயர்ந்து இறங்கியது. மை டாட்டர் நித்திலா இஸ் ஆன். நிறுத்து, என்று எனக்குள்ளே நானே கத்தினேன், இந்த இடத்திலிருந்து வேறு எதையாவது சொல், எதையாவது, வாயில் வருவதை. குட் மார்னிங் மேடம், என்றேன் மூன்றாவது தடவை. இவர் திரும்பி என்னைப் பார்த்தார், அந்தப் பார்வையில் கோபம் இல்லை, மோட்டார் ஒன்று சுற்றாமல் முனகும்போது பார்க்கும் பார்வை.

"பரவாயில்லம்மா," என்றார்கள் அந்த அம்மா. "தமிழ்லயே சொல்லுங்க. உங்க பொண்ணு எப்படி?"

அவர்கள் கை பேனாவின் மூடியை எடுத்து மெதுவாகப் போட்டது. டக் என்று ஒரு சின்னச் சத்தம். நான் சொன்னேன். அடக்க முடியவில்லை, எல்லாம் வந்தது, காதுமடல், இட்லி, செம்புக் கம்பி வளையல், மழைக்கு உத்தரவு போடுவது, பிறந்த அன்று அழாமல் கண்ணைத் திறந்து என்னையே பார்த்தது, எறும்பு வரிசையைத் தாண்டாமல் சுற்றிப் போவது, ஒன்றன்பின் ஒன்றாக, சிக்காமல், ஒரு இடத்திலும் சிக்காமல். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை. அந்த அம்மா கன்னத்தில் கை வைத்துக் கேட்டார்கள், உண்மையாகவே ரசித்துத்தான் கேட்டார்கள், ஒரு இடத்தில் கண்கூடக் கலங்கிய மாதிரி இருந்தது. மூடிய பேனா மேஜைமேல் கிடந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே பேசினேன். பேசி முடித்ததும் சொந்த ஊர் எது என்று கேட்டார்கள், கோவில்பட்டி என்றேன், கடலைமிட்டாய் ஊரா என்று சிரித்தார்கள். பார்த்துச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

வெளியே வந்ததும் இவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். முகம் மலர்ந்து கிடந்தது. எவ்வளவு தன்மையான அம்மா, நம்ம ஊர் மிட்டாய் வரைக்கும் தெரிந்து வைத்திருக்கிறார்கள், நீ என்னமோ மூணு மாசமாய்ப் பயமுறுத்திக்கொண்டிருந்தாய், என்று அடுக்கிக்கொண்டே போனார். "கெடச்சிரும் செம்பகம், நீ வேணா பாரு," என்றார். வேப்பமரத்தடியில் நின்ற அப்பாவிடம் சொன்ன அதே குரலில், ஆமாங்க, கெடச்சிரும், என்றேன். பதினைந்தாம் எண் பெண் என்னைக் கெஞ்சுவது மாதிரி பார்த்துக்கொண்டே உள்ளே போனாள். கையில் இருந்த காலண்டர் தாள் கசங்கி உருண்டையாகியிருந்தது, போட இடம் தேடினேன், குப்பைக்கூடைகூட இங்கே யானை வடிவத்தில் வாயைத் திறந்து வைத்திருக்கிறது, அதில் போட மனசு வராமல் முந்தானையில் முடிந்துகொண்டேன். நாளைக் காலையில் அடுத்த தாளைக் கிழிப்பேன். எந்த எழுத்து என்று எனக்குத் தெரியும்.

எதிர் அறையின் கதவு திறந்து மிஸ் நித்திலாவை விட்டாள், சிரித்தாள். நித்திலா ஓடி வந்து என் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். ஒரு கையில் சாக்லேட், அதற்குள் பாதி உருகியிருந்தது. என்னடா கேட்டாங்க மிஸ் என்று இவர் கேட்டார். அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் அண்ணாந்து பார்த்தாள்.

"எம்மா, ரைம்ஸ் சொல்லச் சொன்னாங்க. நடுவுல மறந்துட்டு."

பிறகு என்ன செய்தாய் என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"மொதல்ல இருந்து சொன்னேன். அப்பவும் மறந்துட்டு. பெறவும் மொதல்ல இருந்து சொன்னேன். நீ சொன்ன மாதிரியே செஞ்சேம்மா."

நல்ல பிள்ளை என்று சொல்வதற்காக அவள் காத்துக்கொண்டிருந்தாள். நான் குனிந்து அவளைத் தூக்கிக்கொண்டேன். நல்ல பிள்ளை, என்றேன். சாக்லேட் கையாலேயே என் காதைப் பிடித்துக்கொண்டாள்.